வால்வு எந்தப் பக்கம் திரும்பும்

குதாயிஸியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு.
அதற்குத் தலைவன் நான்.
சிரிக்காதீர்கள்,
ரப்பர் முத்திரை இருக்கிறது என்னிடம்,
காசு போட்டால் ஏறும் எங்கள் லிஃப்டின்
உண்டியல் சாவியும்.

மூன்று வருடமாகக் கூட்டங்களில் பேசி வருகிறேன்.
கணீரென்ற குரல்.
நான் பேசப் பேசக் குழாய்கள் எல்லாம் புதிதாகிவிடும்,
கூட்டம் கலைந்ததும்
பழையபடி துருப்பிடிக்கும்.

மக்வாலா கடைசி வரிசையில் உட்காருவாள்.
மருந்துக்கடையில் வேலை.
அவளுக்குத் திக்கும்.
சொல்லின் முதல் எழுத்து
நாக்கிலேயே கொஞ்ச நாள் குடியிருந்துவிட்டுத்தான்
வெளியே காலெடுத்து வைக்கும்.
அதனால் அவளை எதற்கும் யாரும் முன்மொழிந்ததில்லை.

ஜனவரி. இரவு இரண்டு மணி.
ஆறாம் மாடியில் குழாய் வெடித்தது.
படிக்கட்டு அருவியாகி
கீழ்ப்படிகளில் கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது.
மொத்தக் கட்டடமும் பைஜாமாவோடு இறங்கி வந்து
ஆளுக்கொரு திசை பார்த்துக் கத்தியது.
நான் நகராட்சிக்குப் போன் போட்டு
யாரோடு பேசுகிறீர்கள் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
மறுமுனையில் பியானோ ஓடியது.

அவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள்.
மின்பெட்டியை நோக்கி ஓடிய ஸுராபின்
சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"நா... நாலாம் மாடி. நோதாரின் மூச்சு இயந்திரம்.
முதலில் சிலிண்டருக்கு மாற்று.
பிறகு அணை."

மூச்சு இயந்திரமா?
நோதாருக்கு மாதாமாதம் ரசீது கிழித்துக் கொடுப்பவன் நான்.
கதவிடுக்கில் நீளும் ஒரு கை, அவ்வளவுதான் எனக்கு நோதார்.

பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
"கேதோ, உன் வீட்டு உப்பு. படியில் தூவு."
"வஜா, என்னோடு நிலவறைக்கு."
'யாராவது' என்ற சொல்லை
ஒரு தடவைகூட அவள் தொடவில்லை.
அந்த ஒரு சொல்லை வைத்தே மூன்று வருடம் ஓட்டியவன் நான்:
யாராவது பெருக்குங்கள்,
யாராவது பல்பு மாற்றுங்கள்.

என் பக்கம் திரும்பினாள்.
"பேஸோ, போனை வை. விளக்கைப் பிடி."

பிடித்தேன்.
முழங்கால் வரை தண்ணீர், எலி நாற்றம்,
எவரோ போட்டு மறந்த தொட்டில் ஒன்று
மிதந்து வந்து என் தொடையில் முட்டியது.
சுவரில் பதினோரு வால்வுகள்.
ஒன்றில் மட்டும்
சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி.

எப்போது வைத்தாய் என்றேன்.
"போன வருஷம். ப... பிளம்பர் வந்தானே.
கேட்டேன். சொன்னான்."

அந்த பிளம்பருக்குக் காசு எண்ணிக் கொடுத்து
முத்திரை குத்தியவன் நான்.
கேட்கத் தோன்றவில்லை.

வஜா முக்கி முக்கித் திருப்பினான். அசையவில்லை.
நரம்பு புடைத்தது.
"தப்பு. நான்தான் தப்பாகச் சொன்னேன்.
இ... இந்தப் பக்கம்" என்றாள்.

தப்பு என்ற சொல்
அவளுக்குத் திக்கவே இல்லை.
எனக்கு ஆயுசு முழுக்கத் திக்கும் ஒரே சொல் அது.

மேலே, மாடி மாடியாக, இரைச்சல் அடங்கியது.
கேதோவின் உப்பின் மேல்
எல்லாரும் பனங்காய் சுமந்தவர்கள் போலப்
பதம் பார்த்துக் கால் வைத்து ஏறினோம்.

அடுத்த கூட்டத்தில் முத்திரையை அவளிடம் நீட்டினேன்.
கொஞ்சம் நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன்,
கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தேன்.
இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள்.
கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.
பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

இப்போது ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
பேர்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
யாரிடம் ஏணி, யாருக்கு இரவில் தூக்கம் வராது,
யாருக்கு இதயம் இரண்டு முறை நின்று ஓடியது.
எட்டாம் மாடி வரை வந்தாயிற்று.

ஒன்பதாம் மாடி, இடது கதவு.
நாய் வளர்க்கும் பெண்.
நாயின் பேர் தெரியும், மூரா.

லிஃப்டில் காசு போட்டிருக்கிறேன்.
அது முனகிக்கொண்டே ஏறுகிறது.
உங்கள் பேர் என்ன என்று கேட்க வேண்டும்,
பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்துவிட்டு.

முதல் எழுத்து
நாக்கிலேயே நிற்கிறது.