தவிர்க்கப்பட்டது

வின்னிபெக். பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சர்வர் அறைக்கு மட்டும் வருடம் முழுக்க ஒரே பருவம்.
கோட்டைக் கழற்றினேன், விசிறிகளின் காற்றுக்கு
மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஓரெஸ்ட் ஹ்னாத்தியூக் போனில் மெதுவாகத்தான் சொன்னார்:
ஃபோல்டர் ஒன்றைத் தவறி அழித்துவிட்டேன்,
போன வசந்தத்தின் நீர்மட்டம், ஒன்பது மதகுகள்,
உன்னிடம்தான் பேக்கப் இருக்குமே.
இருக்கும் என்றேன்.
அந்தச் சொல்லில் ஒரு தூசு சந்தேகம் இல்லை.

பதினோரு மாதமாக
இரவு இரண்டேகாலுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்.
வெற்றி. பிழைகள்: சுழி.
நலம், நலமறிய ஆவல் என்பதை
யார் நின்று படித்தார்கள்?

மீட்டெடுத்தேன்.
'அளவுகள்' என்ற மேல் ஃபோல்டர் வந்தது.
பெயர் சரி. உரிமையாளர் சரி. அனுமதிகள் சரி.
உள்ளே ஒன்றுமில்லை.
நான்கு கிலோபைட்.
வெறுமை தன் பெயரை எழுதிவைக்க
அவ்வளவு இடம் போதும் போலிருக்கிறது.

முதலில் மென்பொருளைச் சந்தேகித்தேன்.
பிறகு டேப்பை.
பிறகு, கொஞ்சம் மரியாதையுடன், ஓரெஸ்டை.
மூன்றாவது காபிக்குப் பிறகுதான்
மவுண்ட் பட்டியலைத் திறந்தேன்.

ஒரே வேர், ஒரே மரம் என்று
யூனிக்ஸ் நம்மை நம்பவைக்கிறது.
கிட்டே போனால் எல்லாம் ஒட்டுக்கிளை.
இது வேறு டிஸ்க், அது வேறு டிஸ்க்,
இன்னொன்று நெட்வொர்க்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மென்பொருளுக்கு இட்டிருந்த கட்டளை ஒன்றுதான்:
தொடங்கிய டிஸ்க்கைத் தாண்டாதே.
தாண்டவில்லை.
வாசல்வரை போய், கதவின் பெயரைக் குறித்துக்கொண்டு
ஒவ்வொரு இரவும் பணிவாகத் திரும்பியிருக்கிறது.
மறைக்கவும் இல்லை.
லாகின் நாலாயிரத்துப் பன்னிரண்டாம் வரியில் இருந்தது:
அளவுகள், வேறு ஃபைல் சிஸ்டம், தவிர்க்கப்பட்டது.
பிழை என்று அல்ல. தகவல் என்று.

கட்டளையை எழுதியது யார் என்று தேடினேன்.
மாற்றியவர்: துஷ்யந்தினி.
குறிப்பு: தற்காலிகம்.
நெட்வொர்க் டிஸ்க் ஒன்று சுற்றிச்சுற்றி வந்து
டேப்பை நிரப்பிய வாரம் அது.
அன்று அது கெட்டிக்காரத்தனம்.
அடுத்த மார்ச்சில் இடம் போதாமல்
அளவுகளுக்குப் புது டிஸ்க் பூட்டியதும்
இதே கைகள்தான்.

பிழைகள்: சுழி.
அந்தச் சுழிக்குள்தான்
ஒன்பது மதகுகளும் போயிருந்தன.

ஓரெஸ்டிடம் சொன்னேன்.
திட்டியிருக்கலாம்.
ட்ரக்கின் ஹீட்டர் இரைவது மட்டும் கேட்டது.
"நோட்டில் இருக்கிறது, பென்சிலில்.
இரண்டு பக்கம் மழையில் ஊறிப்போனது.
மற்றதைத் தட்டி முடிக்க மார்ச் ஆகும்."
பிறகு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

கட்டளையை எடுத்தேன்.
சேர்க்கவேண்டிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக,
பெயர் சொல்லி, கையால் எழுதினேன்.
எழுதும்போது இன்னும் இரண்டு அகப்பட்டன.
ஒன்று சம்பளக் கணக்கு.
அதை நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.
மற்றது 'பழையது2'.
யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை,
கடைசியாகத் தொட்டு ஆறு வருடம்.

இரண்டேகால்.
வெற்றி. பிழைகள்: சுழி.
நாலாயிரத்துப் பன்னிரண்டாம் வரிவரை படித்தேன்,
அதற்குக் கீழும்.
பழையது2 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
எண்பது ஜிகாபைட்,
என்னவென்றே தெரியாமல்
பத்திரமாக.