ஒன்பதே கால் அங்குலம்

ஒப்பந்தத்தில் 'கட்டுபவர்' என்ற சொல்லே இல்லை.
மேற்பார்வை, ஒருங்கிணைப்பு, தர உறுதி
என்றுதான் இருந்தது முத்திரைத்தாளில்,
மொத்தச் செலவில் எட்டு சதவீதத்துக்கு.
செங்கல் ஒன்றைத் தூக்காத ஆளுக்கு எட்டா என்றார் கணவர்.
தூக்குகிறவர்களைப் பார்க்க ஒருவர் வேண்டாமா என்றேன்.
இரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தை
எனக்கே திருப்பித் தருகிறார், சில்லறை மாதிரி.

கன்னங்குறிச்சி தாண்டி, இரண்டே முக்கால் சென்ட்.
மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும்.
மாடிக்குப் போவதில்தான் வழக்கு.

பதினேழு படி.
பதினாறுக்கு ஆறே முக்கால் அங்குலம் உயரம்,
கடைசிக்கு ஒன்பதே கால்.
பால் காய்ச்சிய அன்று முதலில் இடறியவர் புரோகிதர்.
பிறகு கேபிள்காரர். பிறகு நான், ஈரத் துணி வாளியோடு,
முன்பல்லில் பாதி.

"மேல தட்டோடு பதிச்சா ரெண்டரை அங்குலம் ஏறும்னு
யாரும் சொல்லலைம்மா" என்றார் கொத்தனார் சென்றாயன்.
சொல்லத்தான் எட்டு சதவீதம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒன்பது வாய்தா.
வக்கீல் வைக்கவில்லை; நானே மனுதாரர், நானே தட்டச்சு,
ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு.
எதிர்மனுதாரர் பொறியாளர் இளம்பரிதி சார்பில் வாதம்:
"என் கட்சிக்காரர் பார்ப்பவர் மட்டுமே."
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"சரி. பார்த்தாரா?"

வந்தது வருகைப் பதிவேடு. நாற்பத்தொரு வருகை.
அதில் ஒரு புதன்கிழமை:
'படிக்கட்டு மட்டம் சரிபார்க்கப்பட்டது.'
எழுந்து நின்று சொன்னேன்:
ஐயா, அன்றைக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகை.
சேலத்தில் ஒரு கொத்தனார் கரண்டியும் ஈரமாகாத நாள்.
பெண் உறுப்பினர் சிரிப்பை ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

ஜெயித்துவிட்டேன் என்று உட்காரப் போனேன்.
வக்கீல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.
வீட்டு உரிமையாளர் ஒப்பம்: என் கையெழுத்து.
அந்த வரிக்கும், முன்னும் பின்னும் பத்து வரிக்கும்,
ஒரே பேனா, ஒரே அவசரம்.
அடுப்பில் பால் இருந்தது, ஞாபகம் வந்தது.
தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் நாள் முழுக்க
"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று சொல்கிற வாய்
அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பு: சேவைக் குறைபாடு, பகுதியாக.
நான் கேட்டது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
கிடைத்தது இருபத்திரண்டாயிரம்,
செலவுத் தொகை மூன்றாயிரம், நாற்பத்தைந்து நாளில்.
பல்லுக்குத் தனியாக ஏதும் இல்லை.

வெளியே தட்டுவடை செட் கடை.
இளம்பரிதி நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தார்.
போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர்தான்
"இடிச்சுக் கட்டிட்டீங்களா மேடம்?"
இல்லை.
"இடிக்காதீங்க. கீழயிருந்து ஏத்திக்கிட்டு வாங்க.
முதல் படிக்கு ஒரு நூல், அடுத்ததுக்கு ரெண்டு நூல்...
பதினாறுல ரெண்டு அங்குலம் வந்துரும்.
மிச்சத்தைக் கால் கண்டுக்காது."
சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து,
தட்டுக்கு அடியில் இருந்த தாளை உருவி,
பதினாறு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி,
இரண்டாம் முறை கூட்டிச் சரிபார்த்து நீட்டினார்.

என் வீட்டை அவர் பார்த்து
நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அஸ்தம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன்.
காரச் சட்னி ஊறி
ஒன்பதாம் படி அழிந்திருந்தது.