செவ்வாய்க்கிழமை

குடவாசலிலிருந்து போன். எஸ்.டி.டி. பூத்துக்காரர் குரல் முதலில்,
அப்புறம் ஹபீபா:
"சார், எஃப் ஒன் அமுக்கச் சொல்லுது.
அமுக்கினா நீலமா ஒரு பக்கம் வரும் போல. அமுக்கலாமா?"

அமுக்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள் எல்லோரும்.

சங்கத்துப் போன் செத்து இரண்டு மாதம்.
நான் ஒன்று சொல்ல, அவள் ரோட்டைக் கடந்துபோய்த் தட்டிவிட்டு
திரும்பக் கடந்துவந்து, மூச்சு வாங்க, என்ன வந்தது என்பாள்.
ஹார்டு டிஸ்க் தன் நம்பரை மறந்திருந்தது.
பதினேழு போடுங்கள். எஃப் டென். அப்புறம் ஒய்.
சி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டினால்
என்னிடம் வர வேண்டாம், வேலையைப் பாருங்கள்.
அவள் வரவில்லை.

போனில் பார்க்கும் வைத்தியத்தில் ஒன்று விட்டுப்போகும்.
தேதியை மாற்றச் சொல்லவில்லை நான்.

பதினொரு நாள்
காலையில் கதவு திறந்ததும் அவள் பதினேழு போட்டிருக்கிறாள்,
பதினொரு நாளும் அந்தப் பெட்டிக்குள்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி ஒன்று,
செவ்வாய்க்கிழமை, விடிந்திருக்கிறது.
உள்ளே மார்கழி. தலைசாய்ந்த சம்பா.
வெளியே ஆடி,
சோழசூடாமணி ஆற்றில் மணல்,
மணலில் மூன்று ஸ்டம்பு.

பன்னிரண்டாம் நாள் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன்.

சங்கத்து வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம்,
காற்றுப் போகிற துளையை அடைத்து.
போன தடவையே சொன்னேன், துளையில் வைக்காதீர்கள் என்று.
செயலாளர் கலியபெருமாள் ஒரு சீட்டை நீட்டினார்.

உத்திராபதி. குறுவைக் கடன். அசல் ஆறாயிரம்.
வட்டி, முன்னால் கழித்தல் குறியோடு,
பத்தாயிரத்து நானூற்று நாற்பது.

"சங்கம் எனக்கு நாலாயிரத்து நானூத்தி நாப்பது தரணும்"
என்றார் மூலை பெஞ்சிலிருந்து.
சிரிக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். போர்டில் பேட்டரி பச்சை பூத்திருந்தது,
விளக்காத செம்பு மாதிரி.
பெயர்த்தெடுத்து, எதிர்க்கடையில் நாலு பென்சில் செல் வாங்கி,
ஒயரில் கோத்து, டேப் சுற்றி, உள்சுவரில் ஒட்டினேன்.
கம்பெனிக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான். பெட்டி ஒப்புக்கொண்டது.
நாள், மாதம், வருஷம்.
பதினைந்தரை வருஷம் ஒரு என்டரில் போயிற்று.

பிரிண்டர் கரகரவென்று இழுத்தது.
வட்டி எழுநூற்று எண்பது. முன்னால் குறி எதுவும் இல்லை.

இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிடித்து
வெளிச்சத்தில் பார்த்தார் உத்திராபதி.
"எம்பதுல எனக்குக் கடன் கிடையாது தம்பி.
அது ஒண்ணும் பொய் சொல்லல."

பழைய சீட்டை ஆடிட்டுக்கு வேணும் என்று ஹபீபா கேட்டாள்.
அவர் நாலாக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
கலியபெருமாள் ஃபேனைப் பார்த்தார்.

கிளம்புமுன் மானிட்டர் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டினேன்:
காலையில் முதலில் தேதி பார்க்கவும்.
செவ்வாய்க்கிழமை என்றால் யாருக்கும் சீட்டு தர வேண்டாம்.
நிஜமாகவே செவ்வாய் என்றால்
சுவர்க் காலண்டரைக் கேட்டுவிட்டுத் தரவும்.

பில்லில் செல் விலை, பஸ் காசு, சர்வீஸ் நாற்பது.
செல் ஒரு வருஷம் தாங்கும் என்று வாயால் சொல்லியிருந்தேன்.

எட்டு மாதம்.

"சார், இங்க இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."
என் மேசையில் வெள்ளி.
பதினேழு போட்டீங்களா? போட்டாச்சு.
சீட்டு ஏதாவது? தரல சார்.
"உத்திராபதி வந்தாரா?"

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
பூத்து மீட்டர் ஓடியது.

"அவர் மட்டுமில்ல சார்,
வரிசையே நிக்குது."