உறுதி இல்லாத நிலம்

தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறான்.
ஜம்பட்டா வீதி, கொமினிக்கேசன் கடை.
மூன்று பேரின் அடையாள அட்டைக்குப் பிரதி எடுத்துவிட்டு
நான்காவது ஆள் சில்லறை தேடும் இடைவெளியில்
பார்க்கிறேன்.

இருட்டு. இருட்டுக்குள் ஒரு சிவப்பு
அவசரமே இல்லாமல்
பென்சன் எடுக்கப் போகிறவர் மாதிரி
வீதியைக் கடக்கிறது.
பின்னால் அவன் குரல்:
"அக்கா, மலை பத்துது.
சனம் சோறு கட்டிக்கொண்டு பாக்க வருகுது.
பிள்ளையள் ஐஸ்கிறீம் குடிக்குதுகள்."

ஃபவாஸ் நானா எட்டிப் பார்த்தார்.
"கிரபிக்ஸா?"
இல்லை, றீயூனியன்.
"எந்த ஸ்கூல்?"

கிளறன்ஸ் போன படகுக்குப் பெயர் இருந்ததா தெரியாது.
சிலாபத்தில் ஏறினான். பத்தொன்பது நாள்.
இப்போது மூன்றாவது மனு.
அதுவரைக்கும் ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில்
விடியுமுன், கள்ளமாக, மா பிசைகிறான்.
முதலாளி பெயர் வீராசாமி.
"பேர் மட்டுந்தான் அக்கா தமிழ்.
தேவாரம் பாடுறார்,
அர்த்தம் என்னட்டக் கேக்கிறார்.
நான் வேதக்காரன், எனக்கென்ன தெரியும்."

எங்கள் வீட்டில் யாரும்
நெருப்பைப் பார்க்க வாகனம் பிடித்துப் போனதில்லை.
நான் பிறக்க முன்னர், எண்பத்து மூன்றில்,
நெருப்புத்தான் லொறி பிடித்து எங்களிடம் வந்தது
கையில் வாக்காளர் இடாப்போடு.
அம்மா இன்றைக்கும் தீப்பெட்டியை
அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள்.
அவளுக்கு நான் வீடியோவைக் காட்டப்போவதில்லை.
அங்கே நல்ல மழையாம் அம்மா
என்று சொல்வேன்.

பின்னேரம் இரண்டாவது செய்தி.
கடலுக்குள் இறங்கிவிட்டதாம்.
கோச்சி ஒன்று தண்ணீரில் விழுந்த மாதிரிச் சத்தம்,
பிறகு ஆவி, பிறகு கல்.
தீவு அரை ஏக்கர் பெருத்திருக்கிறது.
"புது நிலம் அக்கா. நேற்றுப் பிறந்தது.
இன்னும் ஒருத்தற்ற பேரிலையும் இல்லை."

சிரித்துவிட்டேன்.
காலையிலிருந்து என் கையில் போனதெல்லாம் காணி உறுதிகள்.
முள்வேலிக்குள் அகப்பட்ட ஒரு வளவு, முகாம் நடுவில் கிணறு.
வத்தளையில் நாலு பேர்ச், அதற்கு ஐந்து வழக்கு.
கறையான் அரித்த ஒன்றில் உரிமையாளரையே காணவில்லை,
எல்லைகள் மட்டும் மிச்சம்:
வடக்கே வேலுப்பிள்ளை, கிழக்கே ஒழுங்கை.

இங்கேயும் நிலம் பிறந்ததுதான்.
காலிமுகத்தில் கடலுக்குள் மண் கொட்டினார்கள்.
அது கரை தட்ட முன்னரே
விலைப்பலகை நட்டிருந்தது.

கடை பூட்ட முன் அவன் படத்தை அச்செடுத்தேன்.
கலர் மை முடிந்திருந்தது.
மலை சாம்பலாக வந்தது, நெருப்பும் சாம்பலாக,
ஓரத்தில் ஒரு விரல், அவனுடையதாக இருக்கலாம்,
அதுவும் சாம்பலாக.
தாள் மட்டும் சூடாக இருந்தது.

ஆறுவதற்குள் பின்பக்கம் திருப்பி
பென்சிலால் எழுதினேன்:
கிழக்கே கடல்.
மேற்கே நெருப்பு.
வடக்கே மூடிய றோட்டு.
தெற்கே,
இதுவரை யாருமில்லை.

கணக்குக் கொப்பியை விரித்துக்கொண்டு ஃபவாஸ் நானா கேட்டார்:
"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"
ஒரு பக்கம்தான் நானா.
மற்றது மெசின் அடித்ததில்லை.