கண் மூடிய அடுக்கு

தார்த்துவில் மூன்றாம் நாளாகப் பனி.
நான் ஒரு கடற்கரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்புக் காகிதம்,
அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று.
மேலே கடல். கடலுக்கு மேலே நிலம்.
மலைகளின் கோடு ஒன்றில், நிறம் இன்னொன்றில்,
நிழல் தனியே, நாற்பது சதவீதம்.
மலையை அருகில் போய்ப் பார்த்தவள் இல்லை நான்.
என் நாட்டின் மிக உயரமான குன்றுக்குப்
பெரிய முட்டை என்று பெயர்.
அதனால்தானோ என்னவோ
என் சிகரங்களுக்கு நிழல் கொஞ்சம் அதிகம்.

ஆறுகளுக்குத் தனிக் கோப்புறை.
தாவெத் வாரம் ஒரு முறை ஆற்றை நகர்த்துவார்.
"வீர்வே, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் குதிரைகள்
அதைக் கடக்காமலே போய்விட்டன."
ஆறு போகும். கரையோரக் காடு போகாது,
தண்ணீர் திரும்பி வருமென்று
பழைய வளைவிலேயே நிற்கும்.
ஏதோ ஒரு நள்ளிரவில் பெயரிடாமல் விட்ட
'அடுக்கு 47 நகல் 2'இல்தான் அந்தக் காடு இருக்கிறது
என்று கண்டுபிடிக்க
இரண்டு கோப்பைத் தேநீர், ஒரு கெட்ட வார்த்தை.
ஜன்னலுக்கு வெளியே ஏமயோகி உறைந்து கிடக்கிறது.
தாயாறு என்று பொருள்.
அதை நகர்த்தச் சொல்லி யாரும் எனக்கு எழுதியதில்லை.

இன்று எழுதியிருக்கிறார்:
இரண்டாம் பாகத்தில் ஓர்மிசா எரிந்துவிடுகிறது.
எடுத்துவிடு.

அதன் மதில்களுக்கு நான்கு நாள் ஆனது.
மணிக்கூண்டின் கூரைக்கு மட்டும் பதினோரு சிவப்பு.
சந்தைக்குப் பின்னால்
எந்த வாசகர் கண்ணுக்கும் எட்டாத ஒரு முடுக்கில்
மூன்று துணிகள் காயப் போட்டிருந்தேன்.
அழிக்கும் பொத்தான்மேல் விரல் நின்றது.
பிறகு அடுக்கின் ஓரத்துச் சின்னக் கண்ணைத் தட்டினேன்.
பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருளாது என்பார்கள்.
இங்கே இருளும்.

ஆனால் பெயர்கள் வேறு அடுக்கில் இருந்தன.
ஆளில்லாத புல்வெளிமேல்
'ஓர்மிசா' என்று வளைந்த எழுத்தில் தொங்கியது.
நிழலைத்தான் தனியே வைத்திருந்தேனே,
அதுவும் இருந்தது:
இல்லாத மதிலின் நிழல்
கிழக்கே நீண்டு, புல்லின்மேல்.

பெயரை எடுத்தேன்.
நிழலை விட்டுவிட்டேன்.
தாவெத் கேட்டால் கரி என்பேன்.

சேமிக்கும்போது மென்பொருள் கேட்டது,
மறைந்த அடுக்குகளை நீக்கிவிடட்டுமா,
கோப்பின் கனம் குறையும் என்று.

கனம் இருக்கட்டும்.