வெள்ளைக்கொடிக்குக் கூலி

நாலாம் நாள் புளியந்தீவுக் கோட்டையின்
வடக்கு மூலை பிளந்தது.
கிணற்றில் உப்பு. மருந்துப் பீப்பாயில் ஈரம்.
தளபதி வெள்ளைத்துணி கேட்டார்.

உள்ளே எவனிடமும் இல்லை.
உடுத்ததெல்லாம் புகை, இரத்தம், மீன்குழம்பு.

கட்டாடி வைரவனின் சலவை மூட்டைக்குள்
ஒன்றே ஒன்று கிடந்தது:
முற்றுகைக்கு முதல்நாள்
வாவிக்கரைக் கல்லில் அவன் அடித்துத் துவைத்த
தளபதியின் மேசைவிரிப்பு.

ஏற்றினார்கள்.
வெளியே பீரங்கிகள் வாய்மூடின.
உள்ளிருந்தவர்கள் தலைகுனிந்து தோணி ஏறினார்கள்.
விரிப்பு இறங்க,
வேறு நிறத்தில் கொடியொன்று ஏறிற்று.

வாசலில் வைரவன்
புதிய தளபதிக்கு இரண்டு விரல் காட்டினான்:
துவைத்த கூலி, இரண்டு பணம்.

பாஷை விளங்காத அவன்
விரல்களைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான்,
சிரித்தபடி
தன் அழுக்குச் சட்டையைக் கழற்றி
எறிந்தான்.