பால்பல்

வூச் நகரில் பன்னிரண்டாம் எண் டிராம்
ஓட்டுகிறவன் நான்.
சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும்
மணல்பெட்டிக்குள் கிடந்தாள்.
நவம்பர். கண் திறந்து இரண்டு வாரம்கூட இராது.
கூடப் பிறந்தவை எங்கே என்று
பணிமனையில் ஒருவருக்கும் தெரியவில்லை.
ஷ்ருப்கா என்று பேர் வைத்தேன். திருகாணி.
சட்டைப்பைக்குள் அடங்கினாள்.

ஜனவரிக்குள் என் கைகள்
முள்வேலி தாண்டியவன் கைகள்.
டிக்கெட் பரிசோதகி டொப்ரோமிவா
என் மணிக்கட்டைப் பார்த்துக் குரல் தாழ்த்தி
‘வீட்டில் எல்லாம் சரிதானே?’ என்றாள்.
பூனைக்குட்டி என்றேன்.
நம்பவில்லை.

கத்திப் பார்த்தேன்.
மூக்கில் சுண்டியும் பார்த்தேன், எழுதவே கூசுகிறது.
சோபாவுக்கடியில் இரண்டு நாள் கிடந்தாள்.
வெளியே வந்து கடித்தாள்,
முன்னைவிட ஆழமாக.

மருத்துவர் ஹால்ஷ்கா முதலில் பார்த்தது என் கையை,
பிறகுதான் பூனையை.
‘போர்வைக்கடியில் விரலாட்டி விளையாட்டுக் காட்டியது யார்?’
நான்தான்.
‘பதிலுக்குக் கடிக்க ஒரு தம்பி இருந்திருந்தால்
வலி என்றால் என்னவென்று
ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டிருப்பாள்.
கையை இழுக்காதீர்கள். ஓடுவதுதான் இரை.
செத்த கையாக வையுங்கள்.’

செத்த கை!
பிடி தளர்ந்தால் வண்டி நின்றுவிடும் நெம்புகோலில்
பதினெட்டு வருடமாகக்
கையை உயிரோடு வைத்திருப்பவனிடம்.

அன்றிரவு நாலு ஊசி உள்ளே இறங்க
பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்,
பல்லை வைத்துக்கொண்டு அவளும்.
நிமிர்ந்து பார்த்தாள்.
இது ஏன் துள்ளவில்லை?
விட்டாள்.
எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.
கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரம்,
அவ்வளவே தண்டனை.
யாருக்கு என்று கேட்காதீர்கள்.

அதன்பின் தினமும் தூண்டில் கழி, நுனியில் வாத்து இறகு.
பத்து நிமிடம் வேட்டை. பிறகே தட்டு.
கொன்றவள் சாப்பிட வேண்டாமா?
சில இரவுகளில் மறதியாய்க் கால்விரல் அசைத்துவிடுவேன்.
அந்தக் கடி
என் கணக்கில் சேரும்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு,
பெருக்கிய தூசியில் நொய்யரிசி போல ஒன்று.
குனிந்து பார்த்தால் பல்.
தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.
எதற்கென்று தெரியாது.

நேற்று விடிகாலை நாலு மணி.
சீருடைப் பொத்தான் போடுகிற கையை
வாய்க்குள் வாங்கினாள்.
புதுப் பல். தோலில் பட்டது,
பட்ட இடத்தில் நின்றது.
யோசித்தாள் போலும்.
பிறகு சொரசொரவென்று ஒருமுறை நக்கி
மறுபடி அதே விரலைத் தேடி வந்தாள்.

டிராம் ஐந்து நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
தண்டவாளத்தில் பனி என்று எழுதினேன்.
ஏப்ரல் மாதக் கடைசி.